எட்டு கிலோ

— இதோட எடை எவ்வளவும்மா?

— எதோட எடை சார்?

— இந்தப் பெட்டியோட. மதர்போர்டுன்னு எடுத்து வெச்சீங்களே. நாலு பக்கமும் திருப்பிப் பார்த்துட்டேன், எடை போடவே இல்ல.

— சார், பத்து வருஷமா இந்தக் கடையில உக்காந்திருக்கேன். வேகம் கேப்பாங்க, வாரண்டி கேப்பாங்க, பக்கத்துக் கடையில கம்மியாமேன்னு கேப்பாங்க. எடை கேட்ட முதல் ஆளு நீங்கதான். தக்காளியா வாங்கறீங்க?

— கோவிச்சுக்காதீங்கம்மா. முப்பத்தொரு வருஷம் அதுதான் வேலை. கடை கடையா போய் தராசையும் படிக்கல்லையும் சோதிக்கிற இன்ஸ்பெக்டர். ரிட்டயர் ஆகியும் கண்ணு அங்கேயேதான் போகுது.

— போச்சுடா. அப்ப என் கடையிலயும் ஏதாவது தப்பு கண்டுபிடிச்சிட்டுத்தான் கிளம்புவீங்க.

— கண்டுபிடிச்சாச்சு. உங்க முதுகுக்குப் பின்னாடி தொங்குதே, தீயணைக்கிற சிலிண்டர், அதுக்குத் தேதி முடிஞ்சு நாலு மாசமாச்சு.

— சாமி! நாளைக்கே மாத்திடறேன். முதல்ல அந்த லிஸ்டை இப்படிக் குடுங்க, நானே படிச்சுக்கறேன். நீங்க ஒவ்வொரு வரியா வாசிச்சா பொழுது சாய்ஞ்சிடும். என்ன சார் இது, நாலு பக்கமா?

— நெட் சென்டர் கம்ப்யூட்டர்ல வந்தது. கையால எழுதி எடுத்துக்கிட்டேன். ஒரு எழுத்துகூட மாத்தல.

— அனுப்பினது யாரு?

— ஒரு நண்பர். விளையாட்டுல பழக்கம்.

— எந்த விளையாட்டுல?

— கம்ப்யூட்டர் விளையாட்டுலதான்மா. ஏன் சிரிக்கிறீங்க?

— சிரிக்கல சார், சத்தியமா. நீங்க பேரனுக்கு வாங்க வந்திருக்கீங்கன்னு நெனச்சேன். உங்களுக்கேவா?

— எனக்குத்தான். ஆறு மாசமா நெட் சென்டர்ல உக்காந்து ஆடறேன். மாசக் கடைசியோட சென்டரை மூடறாங்களாம். அதான் சொந்தமா ஒண்ணு வேணும். எனக்குப் பெரிசா ஒண்ணும் வேண்டாம், அந்த ஒரே ஒரு விளையாட்டு ஓடினா போதும்.

— கம்மி விலையில முதல் மெஷின். நல்லது. பாக்கலாம். "ப்ராசசர் ஆறு கோர் போதும். கடைக்காரங்க எட்டு கோரைத் தலையில கட்டப் பார்ப்பாங்க, மயங்காதீங்க." ஏன் சார், என்னைப் பத்தியே எழுதியிருக்கான்!

— அது பொதுவா எழுதினது.

— "ராம் எட்டும் எட்டுமா ரெண்டு போடுங்க. பதினாறு ஒண்ணா வாங்கினா பாதி வேகத்தைக் கடையிலயே விட்டுட்டு வந்த மாதிரி." சரிதான். "பவர் சப்ளையில கஞ்சத்தனம் பண்ணாதீங்க. அது போகும்போது கூட இருக்கிற எல்லாத்தையும் இழுத்துக்கிட்டுத்தான் போகும்." இதை நான் ப்ரேம் போட்டு மாட்டணும் சார். தினம் பத்துப் பேர்கிட்ட கத்தறேன், ஒருத்தன் கேக்க மாட்டேங்கறான். லைட் எரியற கேபினட்டுக்குக் காசு கொடுப்பான், பவர் சப்ளையை எங்கேயோ பழசுல பொறுக்கிட்டு வருவான்.

— கேபினட்டுக்கும் எழுதியிருக்கான் பாருங்க.

— "லைட் வேண்டாம், கண்ணாடி வேண்டாம். முன்பக்கம் காத்து போற மாதிரி வலை இருக்கணும்." பையனுக்கு விஷயம் தெரியுது. "மானிட்டர் இருபத்து நாலு இஞ்சு, அதுக்குக் குறைஞ்சு வேண்டாம், கிட்டக்க குனிஞ்சு பார்க்கக் கூடாது. கீபோர்டுல எழுத்து பெருசா இருக்கிறதா வாங்குங்க, கறுப்புல மஞ்சள் எழுத்துன்னா கண்ணு கூசாது. மவுஸ் எடை..." பாருங்க, அவனும் எடை எழுதியிருக்கான்! "மவுஸ் எடை கம்மியா இருக்கணும், மணிக்கட்டு வலின்னு சொன்னீங்களே." யார் சார் இந்தப் பையன்? பெத்த அப்பனுக்குக்கூட இந்தக் காலத்துல எவனும் இவ்வளவு பார்த்துப் பார்த்து எழுத மாட்டான்.

— அந்த வரியை இன்னொரு தடவை படிங்கம்மா.

— எதுக்கு சார்?

— ஒண்ணுமில்லம்மா. மேல படிங்க.

— கடைசியில என்னமோ பேரு போட்டிருக்கே. "இப்படிக்கு, எட்டுகிலோ." இதென்ன பேரு? ஆளு அவ்வளவு ஒல்லியா?

— விளையாட்டுல அவன் வெச்சுக்கிட்ட பேரு. என் பேரு அங்க கத்துக்குட்டி.

— பொருத்தம்தான். கீழ ஒரு நம்பர் வேற இருக்கு. "சந்தேகம் வந்தா கடைக்காரரையே இந்த நம்பருக்குக் கூப்பிடச் சொல்லுங்க." நல்லதாப் போச்சு, எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. இந்த கிராஃபிக்ஸ் கார்டு எங்கேயும் கிடைக்காது சார்.

— கிடைக்காதா?

— இது வர்றது நின்னு ஒரு வருஷமாச்சு. இவ்வளவு தெரிஞ்சவனுக்கு இது எப்படித் தெரியாம போச்சு? இருங்க, கூப்பிடறேன்.

— வேண்டாம்! வேண்டாம்மா. போனைக் கீழ வைங்க.

— ஏன் சார் பதறறீங்க?

— நீங்களே ஏதாவது ஒரு கார்டு போட்டுக் குடுங்க. உங்களுக்குத் தெரியாததா?

— எனக்குத் தெரியும். ஆனா இப்ப கையில ரெண்டுதான் இருக்கு. ஒண்ணு புதுசு, மெமரி கம்மி. இன்னொண்ணு எட்டு மாசம் ஓடினது, அது பெரிசு. எந்த விளையாட்டு, எந்த செட்டிங்குல ஆடறீங்கன்னு தெரியாம நான் எப்படிச் சொல்ல? அப்புறம் ஓடலன்னு வந்து தராசைத் தூக்கிட்டு நிப்பீங்க. உங்க நண்பர்தானே? கூப்பிட்டா என்ன?

— அவன் என் குரலைக் கேக்கக் கூடாதும்மா.

— ஏன்?

— இதுவரைக்கும் எல்லாம் டைப் பண்ணிக்கிட்டதுதான். குரலைக் கேட்டா ஒரு வார்த்தையில தெரிஞ்சுக்குவான்.

— எதைத் தெரிஞ்சுக்குவான்? யார் சார் நீங்க? பாருங்க, வயசானவர்னு மரியாதையா கேக்கறேன். சின்னப் பையனை ஏமாத்தற வேலை ஏதாவதுன்னா இப்பவே வெளிய போயிடுங்க.

— அவன் என் பையன்.

— என்னது?

— நான் பெத்த பையன்மா. ஒரே பையன். அவனுக்கு இது நான்தான்னு தெரியாது.

— உக்காருங்க சார். அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்க. தண்ணி குடிங்க.

— ஆறு வருஷமாச்சு அவன் வீட்டை விட்டுப் போய். நம்பரையும் மாத்திட்டான். ஞாயித்துக்கிழமை அவங்கம்மாகிட்ட பேசுவான். அவ சமையலறைக் கதவைச் சாத்திக்குவா. நம்பரைக் குடுன்னு கேட்டா, "அவனா குடுத்தா வாங்கிக்குங்க"ங்கறா. இப்பக் குடுத்துட்டான், பாருங்க, அவன் கையால. முன்பின் தெரியாத எவனோ ஒரு கத்துக்குட்டிக்கு!

— அப்புறம் விளையாட்டுல எப்படிப் பிடிச்சீங்க?

— கதவு இடுக்குல காது வெச்சுத்தான். ஒருநாள் அவ சிரிச்சுக்கிட்டே, "எட்டுகிலோன்னு ஒரு பேராடா, வேற பேரா கிடைக்கல"ன்னா. எந்த விளையாட்டுன்னும் பேச்சுல வந்துச்சு. மறுநாள் சென்டருக்குப் போயிட்டேன். அங்க இருந்த பசங்க ஒரு வாரம் சொல்லிக் குடுத்தாங்க. மவுஸை நகர்த்தி மேலயும் கீழயும் பார்க்கறதுக்கே ரெண்டு நாளாச்சு. அப்புறம் அவனைத் தேடி, சேர்த்துக்கோங்கன்னு கேட்டேன். சேர்த்துக்கிட்டான். தினம் சாயங்காலம் ஆறுலேருந்து ஏழு. அவனுக்கு அப்பத்தான் ஷிஃப்ட் முடியும்.

— என்ன பேசுவான்?

— எல்லாம். இடது பக்கம் வாங்க, சுவருக்குப் பின்னாடி நில்லுங்க, நான் பாத்துக்கறேன்... சின்ன வயசுல சைக்கிள் கத்துக் குடுத்தப்ப நான் அவனை எத்தனை தடவை அடிச்சிருக்கேன்! அவன் எனக்குக் கத்துக் குடுக்கும்போது ஒரு தடவைகூட எரிஞ்சு விழலம்மா. நான் செத்து விழுந்தா திரும்பி வந்து எழுப்புவான்.

— எதுக்கு வீட்டை விட்டுப் போனான்?

— காலேஜுல ரெண்டு பேப்பர் போயிடுச்சு. ராத்திரி பகலா அந்த மெஷின் முன்னாடியே கிடந்தான். அவனே சேர்த்த மெஷின். பகுதி நேர வேலை பார்த்து, ஒண்ணரை வருஷம், ஒவ்வொரு பாகமா. ஒவ்வொண்ணுக்கும் என்கிட்ட வந்து நின்னு, "அப்பா, ராம் வாங்கிக்கட்டுமா? அப்பா, கார்டு வாங்கிக்கட்டுமா?"ன்னு கேப்பான். எனக்கு எதுவும் புரியாது. புரியாததாலயே கோவம் வரும்.

— உடைச்சீங்களா?

— சேச்சே, பொருளை உடைக்கிற ஆள் இல்ல நான். முறைப்படிதான் செஞ்சேன். அவன் காலேஜுக்குப் போனப்ப பழைய இரும்புக் கடைக்காரனைக் கூப்பிட்டு எடைக்குப் போட்டேன்.

— எடைக்கா?

— எட்டு கிலோ இருந்துச்சு.

— எடைக்கா சார் போட்டீங்க? ஒண்ணரை வருஷமா சேர்த்த மெஷினை, கிலோ கணக்குலயா?

— அதுலயும் அந்த ஆளு தராசு நூறு கிராம் குறைச்சுக் காட்டுச்சு. விடலயே நான்! சரி பண்ண வெச்சு, சரியான எடைக்குக் காசு வாங்கி, சாயங்காலம் அவன் கையிலயே குடுத்தேன். ஒரு பைசா எடுத்துக்கல. அவன் அந்தக் காசையே பாத்துக்கிட்டு நின்னான். மறுநாள் காலையில வீட்டுல இல்ல.

— உங்களுக்கு இந்த மெஷினை விக்கவே எனக்கு மனசு வரல சார். நிஜமா சொல்றேன்.

— தெரியும்மா. வந்ததுலேருந்து நீங்க ஒவ்வொரு பெட்டியா எடுத்து வெச்சு, இது இல்லாம அது ஓடாது, அது இதைத் தாங்கணும்னு சொல்றதைக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். இந்த ப்ராசசரைப் பாருங்க, உள்ளங்கையில வெச்சா கனமே தெரியல. இதுக்கு அவன் எத்தனை நாள் வேலை பார்த்திருப்பான்? எதை நான் தராசுல வெச்சேன்னு இன்னைக்குத்தான் தெரியுது.

— இதை அவன்கிட்ட சொன்னீங்களா? இந்த ஆறு மாசத்துல?

— சொன்னா அந்த நிமிஷமே போயிடுவானே! கத்துக்குட்டியை அவனுக்குப் பிடிச்சிருக்கும்மா. அப்பனைப் பிடிக்காது. இருக்கிற ஒரு மணி நேரத்தையும் கெடுத்துக்கச் சொல்றீங்களா? அதுக்குத்தான் இந்த மெஷின். இது இல்லன்னா அவன் எனக்கு இல்ல.

— அதுக்காக ஆயுசு பூரா கத்துக்குட்டியாவே இருந்துடுவீங்களா?

— இருந்துட்டுப் போறேன். என்ன குறைஞ்சுது?

— சரி, அது உங்க பாடு. கார்டுக்கு நான் கேட்டே ஆகணும். ஸ்பீக்கர்ல போடறேன், நீங்க வாயைத் திறக்காம உக்காருங்க. டீ குடிக்கப் போயிருக்கார்னு சொல்லிக்கறேன். ஏதாவது சொல்லணும்னா கையைக் காட்டுங்க, மியூட் போடறேன். மணி அடிக்குது... ஹலோ, தம்பி? கம்ப்யூட்டர் கடையிலேருந்து பேசறேன். எட்டுகிலோங்கறது நீங்கதானா?

— நானேதான்கா. கத்துக்குட்டி வந்துட்டாரா?

— வந்து ஒரு மணி நேரமா என் உயிரை எடுக்கறார். லிஸ்டைக் குடுத்துட்டு இப்பத்தான் டீ குடிக்க இறங்கினார்.

— எடை கேட்டாரா?

— எப்படித் தெரியும்?

— ச்சும்மா கேட்டேன்கா. என்ன சந்தேகம்?

— நீங்க எழுதின கார்டு வர்றதே நின்னு போச்சே தம்பி. இவ்வளவு தெரிஞ்சவர், இது தெரியாதா?

— தெரியும்கா. தெரிஞ்சுதான் எழுதினேன். அப்பத்தானே கூப்பிடுவீங்க.

— நான் எதுக்குக் கூப்பிடணும்?

— நீங்க கூப்பிட்டா அவரும் பக்கத்துல இருப்பார்லக்கா. ஆறு மாசமா எழுத்துலயே பேசிட்டிருக்கோம். ஒரு தடவை குரலைக் கேக்கலாமேன்னு. திரும்பி வந்ததும் ஒரு நிமிஷம் பேசச் சொல்லுங்க.

— சொல்றேன். ஒரு நிமிஷம் இருங்க, ஸ்டாக்கைப் பாத்துடறேன்... மியூட் போட்டாச்சு. என்ன சார், இப்படி வேர்க்குது?

— நான் பேச மாட்டேன்மா. தொண்டை கட்டியிருக்குன்னு சொல்லிடுங்க.

— பையன் கெஞ்சறான் சார்!

— குரல் அவ்வளவு இளைச்சுப் போச்சு பாருங்க. சாப்பிடறானான்னு கேளுங்க. வேற எதையோ கேக்கற மாதிரி கேளுங்க.

— கடைக்காரி எப்படி சார் அதைக் கேக்கறது? சரி, இருங்க... தம்பி, பார்த்துட்டேன். புதுசு ஒண்ணு, மெமரி கம்மி. எட்டு மாசம் ஓடினது ஒண்ணு, அது பெரிசு. எதைக் குடுக்கட்டும்?

— அந்தப் பழசுல ஸ்க்ரூ மேல ஸ்டிக்கர் கிழியாம இருக்காக்கா?

— கிழியல. நானே வித்து நானே திரும்ப வாங்கினது.

— இருந்தாலும் புதுசே குடுங்க. அந்த கேமுக்கு அது தாராளம். பழசுன்னா அவருக்கு ராத்திரி தூக்கம் வராது. எவனோ ஏமாத்திட்டான்னு தினம் ஒரு தடவை திறந்து பார்ப்பார்.

— நல்லாத்தான் புரிஞ்சு வெச்சிருக்கீங்க. ஆளு எப்படி ஆடுவார்?

— மகா மோசம்கா. சுவரைப் பார்த்து சுடுவார். தோத்துட்டா உடனே, "இதுக்கு யார் பொறுப்பு?"ன்னு டைப் பண்ணுவார், கடைசியில முற்றுப்புள்ளியோட. ஜெயிச்சா, "நன்று. ஆனால் மெத்தனம் கூடாது."

— தம்பி, இங்க வேற ஒரு கஸ்டமர் கையைக் காட்டறார். ஒரு நிமிஷம்... மியூட். சொல்லுங்க.

— நான் அப்படியா எழுதறேன்?

— எனக்கென்ன தெரியும்? சிரிச்சுக்கிட்டுத்தானே சொல்றான்.

— கேளுங்கம்மா. அப்பா இருக்காரான்னு கேளுங்க. என்ன சொல்றான்னு பாக்கணும்.

— வேண்டாத வேலை. கேட்டு வாங்கிக் கட்டிக்காதீங்க.

— கேளுங்க.

— ... தம்பி, ஒண்ணு கேட்டா தப்பா நினைக்காதீங்க. முன்பின் தெரியாத ஒரு பெரியவருக்கு இவ்வளவு மெனக்கெடறீங்களே, வீட்டுல அப்பா இருக்காரா?

— இருக்கார்கா.

— பேச்சுவார்த்தை உண்டா?

— எட்டுகிலோன்னு ஏன் பேரு வெச்சேன்னு யாருமே கேட்டதில்ல. உங்களுக்குச் சொல்றேன். நான் முதல் முதல்ல சேர்த்த மெஷினை எங்கப்பா எடைக்குப் போட்டுட்டார். காசைக் கொண்டுவந்து என் கையில குடுத்தார். நியாயமான மனுஷன்.

— அடப்பாவமே.

— மறுநாள் காலையில அந்தக் காசோட பழைய இரும்புக் கடைக்கு ஓடினேன்கா, திரும்ப வாங்கிடலாம்னு. அதுக்குள்ள அந்த ஆளு சுத்தியலால உடைச்சுச் செம்பைத் தனியா பிரிச்சிட்டிருந்தார். ஒரே ஒரு ராம் மட்டும் முழுசா மூலையில கிடந்துச்சு. காசை நீட்டினேன். "அட எடுத்துட்டுப் போப்பா, இதுக்கு எடையே இல்ல"ன்னு சும்மாவே குடுத்துட்டார். இன்னும் என்கிட்டதான் இருக்கு. இப்ப வர்ற எந்த போர்டுலயும் பொருந்தாது. வெச்சிருக்கேன்.

— அப்பா இதைத் தெரிஞ்சுக்கிட்டா வருத்தப்படுவார் தம்பி.

— படுவார்னு நீங்க சொல்றீங்க. எனக்கு அவர் வாயால கேக்கணும். அது பெரிய ஆசையாக்கா? எனக்கு மெஷின் வேண்டாம், காசு வேண்டாம், கால்ல விழ வேண்டாம். "தப்புப் பண்ணிட்டேன்டா", அவ்வளவுதான். ஒரே மூச்சுல சொல்லிடலாம்.

— ஒரு நிமிஷம் தம்பி, அவர் படியேறி வர்ற மாதிரி இருக்கு... மியூட் போட்டுட்டேன். சார், கேட்டீங்கல்ல? இதுக்கு மேல என்ன வேணும்? அவனே வார்த்தையை எடுத்துத் தட்டுல வெச்சுட்டான்.

— அவன் கடைக்கு ஓடினது எனக்குத் தெரியாதும்மா. யாரும் சொல்லல.

— இப்பத் தெரிஞ்சுதுல்ல? போனை வாங்குங்க. "நான்தான்டா"ன்னு சொல்லுங்க.

— சொல்லிட்டு? ஆறு மாசம் என்னை ஏமாத்தினியான்னு கேட்டா? அவனுக்கு இப்ப சிநேகிதன்னு ஒரு பெரியவர் இருக்கார். அதுவும் பொய்யின்னு ஆயிடுமே. இருக்கிறதும் போயிடும்.

— போகாது சார். போனாலும் போகட்டும். நீங்க பெத்தவர், உங்களுக்கு நாக்கு எழலயா?

— எழல. முப்பத்தொரு வருஷம் அடுத்தவன் தப்பை எழுதியே பழகிட்டேன்மா. என் தப்பை எப்படிச் சொல்றதுன்னு எனக்கு வரல.

— வராததை இன்னைக்கு வரவழைங்க. இந்தாங்க. மியூட்டை எடுக்கறேன். எடுத்துட்டேன்.

— ... வணக்கம் தம்பி.

— வணக்கம். யாரு பேசறது?

— நான்... கத்துக்குட்டி பேசறேன்.

— ஓ. கத்துக்குட்டியா. குரல் ஒரு மாதிரி இருக்கே சார்?

— தொண்டை கட்டிக்கிச்சு. வெயில்ல வந்தது.

— வெந்நீர் குடிங்க.

— குடிக்கறேன். லிஸ்ட் ரொம்ப முறையா எழுதியிருக்கீங்க தம்பி. கீபோர்டு வரைக்கும். நன்றி.

— இருக்கட்டும் சார். வேற ஏதாவது சொல்லணுமா?

— வேறயா? வேற... அந்த பவர் சப்ளை, ஐந்நூத்தி ஐம்பது வாட் போதுமா?

— போதும் சார்.

— வாரண்டி எழுத்துல வாங்கிக்கறேன்.

— வாங்கிக்குங்க. அவ்வளவுதானா சார்? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நான் காத்திருக்கேன்.

— அவ்வளவுதான் தம்பி. நாளைக்கு வழக்கம்போல ஆறு மணிக்கு வந்துடறேன்.

— நீங்க வாங்க சார். நான் வரல. இன்னையோட அந்த கேமை விட்டுடறேன்.

— ஏன் தம்பி? நான் ஏதாவது தப்பா...? இப்பத்தானே மெஷினே வாங்கறேன்!

— ஒருத்தர் வாயைத் திறப்பார்னு இவ்வளவு நாள் உக்காந்திருந்தேன் சார். திறக்க மாட்டார்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு.

— யாரு தம்பி அது? உங்களை இப்படிக் காக்க வெச்சது யாரு?

— மூணாவது நாளே நீங்கதான்னு கண்டுபிடிச்சிட்டேன்ப்பா. வெச்சுடறேன்.